ஒரே அமர்வில் சிகரெட்டை மறக்கச் செய்ய முடியுமா? – உளநலம்: வாசகர் கேள்வி பதில்

புகைத்தலை நிறுத்துவது தொடர்பாகத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுள் நான்கினை இம்முறை எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 44 வயது. திருகோணமலையில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறேன். இருபது வருடங்களுக்கு மேலாகப் புகைக்கிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட் வரை போய்விடும். சில்லறையாகத்தான் வாங்குவேன். அதிகாலையில் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில், தேநீர்க்கடை வாசலில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டரில் பற்றவைத்து, வெறுந்தேநீருடன் புகைக்கும் முதலாவது சிகரெட்டை என்னால் விடவே முடியவில்லை. ஹிப்னாட்டிசம் மூலம் ஒரே அமர்வில் புகைத்தலை நிறுத்தித் தருவதாகப் பஸ் நிலையத்தருகே ஒட்டப்பட்டிருந்த ஒரு துண்டுப்பிரசுரத்தில் கண்டேன். கட்டணம் பெரிய தொகை. ஆழ்மனத்தில் இருக்கும் ஆசையை உண்மையிலேயே அழித்துவிட முடியுமா?

பதில்: முடியாது. ஆழ்மனத்தின் ஒரு மூலையில் ஆசை பதுங்கியிருப்பது போலவும், அதைத் தேடிப் பிடித்து அகற்றிவிடலாம் என்பது போலவும் எழுதுவது விளம்பரம் செய்பவருக்கு வசதியானது. அறிதுயில் எனப்படும் ஹிப்னாட்டிசம் அவ்வாறு வேலை செய்வதில்லை. அதற்காக அதை வெறும் பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. மேடைக் காட்சியாக இருந்த இவ்வித்தையை 1840களில் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்ட், முதலில் இதனை நரம்புகளின் ஒருவகைத் தூக்கம் என்று கருதி, பின்னர் ஒரே எண்ணத்தில் மனம் குவிந்துவிடும் நிலை என்று தமது விளக்கத்தை மாற்றிக்கொண்டார். இன்றும் ஒரு சிகிச்சை அமர்வில் நடப்பது ஏறக்குறைய அதுதான். கண்களை ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்வார்கள், மூச்சைச் சீராக்கச் சொல்வார்கள், உடல் தளர்ந்த பின்னர் சில கருத்துக்களை நிதானமாக எடுத்துச் சொல்வார்கள். அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பதில்லை. வெளியே முச்சக்கர வண்டி போகும் சத்தமும் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

ஒரே அமர்வு என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. நியூயோர்க்கைச் சேர்ந்த உளமருத்துவர் ஹேர்பேட் ஸ்பீகல் 1970இல் புகைப்பவர்களுக்கென ஒற்றை அமர்வுச் சிகிச்சை ஒன்றை வெளியிட்டார். அதன் சாரம் மூன்று கருத்துக்கள்: புகைத்தல் உங்கள் உடலுக்கு நஞ்சு, உயிர் வாழ்வதற்கு உடல் வேண்டும், அந்த உடலை மதித்துக் காக்கும் கடமை உங்களுடையது. ஆனால் காரியம் அந்த அமர்வோடு முடிந்துவிடவில்லை. அதே பயிற்சியை ஒவ்வொரு நாளும் பல தடவைகள் தாமாகவே செய்துகொள்ளும் விதத்தையும் அவர் கற்றுக்கொடுத்தார். துண்டுப்பிரசுரம் ஒட்டுபவர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு, உழைப்பைக் கேட்கும் பின்பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

பலன் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, 1,926 பேர் பங்கெடுத்த 14 ஆய்வுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. ஏனைய ஆலோசனை முறைகளைவிடவோ, எந்த உதவியுமின்றித் தாமாக விடுவதைவிடவோ அறிதுயில் மேலானது என்று சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. பயனற்றது என்று நிறுவப்பட்டுவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. மேலும், அறிதுயிலுக்கு ஆட்படும் தன்மை ஆளுக்காள் பெரிதும் வேறுபடும்: சிலர் மிக எளிதாக ஆட்படுவார்கள், சிலர் ஏறத்தாழ ஆட்படவே மாட்டார்கள், பெரும்பாலானோர் இடையில் நிற்பவர்கள். நீங்கள் எந்த வகை என்று பார்க்காமலே நூற்றுக்கு நூறு வெற்றி என்று உறுதி தருபவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பதிவு பெற்ற வைத்தியர் ஒருவரோ, பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரோ ஏனைய சிகிச்சைகளுடன் சேர்த்து இதனைச் செய்வாரானால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இனி உங்கள் பன்னிரண்டு சிகரெட்டுகளுக்கு வருவோம். அவை பன்னிரண்டும் ஒரே காரணத்துக்காகப் புகைக்கப்படுபவை அல்ல. புகையை உள்ளிழுத்த சில விநாடிகளிலேயே நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களுக்குள் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. எனவே இரவு முழுவதும் தூங்கி எழும்போது உடலில் அது மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும். கண் விழித்து எத்தனை நிமிடங்களில் முதலாவது சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்ற கேள்வி, சுவீடன் உளவியலாளர் ஃபாகர்ஸ்ட்ரோமின் பெயரால் வழங்கும், நிக்கோட்டினுக்கு உடல் எவ்வளவு பழகிவிட்டது என்பதை அளக்கும் சோதனையில் முக்கிய இடம் பெறுவது இதனால்தான். முதல் அரைமணி நேரத்துக்குள் என்பது உங்கள் பதிலானால், அந்த விடிகாலைச் சிகரெட்டைக் கேட்பதில் உங்கள் உடலுக்கும் பெரிய பங்கு உண்டு. அதற்கு வார்த்தைகளைவிட நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையோ மெல்லும் கம்மோ பொருத்தமான மருந்து. உலக சுகாதார நிறுவனம் இவற்றை 2009இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. உங்கள் வைத்தியரிடம் கேட்டு, உங்களுக்கு ஏற்ற அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றப் பதினொன்றும் பெரும்பாலும் சந்தர்ப்பங்களுக்கு உரியவை. விலை பேசி முடிந்ததும் ஒன்று, ஐஸ் லொறி வரத் தாமதமாகும்போது ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இன்னொருவர் நீட்டினார் என்பதற்காக ஒன்று. எடையும் விலையும் எழுதும் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரம், இடம், அருகில் இருந்தவர், அதற்குச் சற்று முன் செய்துகொண்டிருந்த வேலை ஆகிய நான்கையும் குறித்துவாருங்கள். குறைக்க முயல வேண்டாம், குறித்தால் போதும். எவை உங்களையறியாமலே கைக்கு வருபவை என்பது வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சில்லறையாக வாங்குவது செலவைக் குறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் நேர்வது வேறு. 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தை மறைத்து நிற்க வேண்டிய எச்சரிக்கைப் படம் உங்கள் கண்ணில் படுவதே இல்லை. இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது: சட்டைப் பையில் பெட்டி இல்லாதபடியால் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நீங்கள் கடைக்கு நடந்தாக வேண்டும். உங்கள் பெயரில் கடனுக்கு எழுத வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டால் அந்த நடை சற்றுக் கடினமாகிவிடும்.

அறிதுயில் பயன்படக்கூடிய இடம் இதற்குப் பின்னர்தான் வருகிறது. கூத்துக்கு முன் ஒத்திகை பார்ப்பது போல, நாளை விடிகாலையை முந்தின இரவே மனத்தில் நடத்திப் பார்ப்பதற்கு அது உதவும். படுக்கைக்குப் போகுமுன் அமைதியாக அமர்ந்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, மூச்சை மெதுவாக வெளிவிட்டு, கண்கள் தாமாகக் களைத்ததும் மூடிக்கொள்ளுங்கள். உடல் தளர்ந்த பின்னர், கரையின் ஈரக்காற்று, மீன் கூடைகள், கடை வாசலின் வெளிச்சம், நூலில் ஆடும் லைட்டர், கைக்கு வரும் தேநீரின் சூடு எல்லாவற்றையும் வரிசையாக மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். பிறகு, தேநீரைக் கையில் வாங்கியதும் நீங்கள் லைட்டரின் பக்கம் திரும்பாமல் தராசடிக்கு நடந்துபோவதாகப் பாருங்கள். “தேநீர் கைக்கு வந்ததும் தராசடிக்குப் போவேன்” என்று சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே இணைத்துவைப்பது, “இனிமேல் புகைக்க மாட்டேன்” என்ற பொதுவான சபதத்தைவிட வலுவானது என்பதை ஜேர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

தேநீரைப் பற்றி இன்னொன்று. சிகரெட் புகையில் உள்ள சில இரசாயனங்கள், கஃபீனை ஈரல் விரைவாகக் கழிக்கும்படி செய்கின்றன. புகைத்தலை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு தேநீரே உடலில் கூடுதல் நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் தருகிறது. இதைப் பலர் சிகரெட் இல்லாததால் வந்த தவிப்பு என்று எண்ணி மீண்டும் பற்றவைத்துவிடுகிறார்கள். எனவே ஆரம்ப வாரங்களில் தேநீரையும் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். நோன்பு காலத்தில் பதின்மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் சிகரெட்டின் நினைப்பே பெரிதாக வருவதில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகுதான் தவிப்புத் தொடங்குகிறது; நோன்பு திறந்தவுடன் பேரீச்சம்பழத்துக்கு அடுத்தது சிகரெட்தான். பகல் முழுவதும் இருக்க முடிந்த எனக்கு ஏன் இரவில் முடியவில்லை?

பதில்: இக்கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் புகைத்தல் பற்றிய மிக முக்கியமான ஓர் உண்மையை நீங்கள் உங்கள் உடலிலேயே கண்டிருக்கிறீர்கள். தவிப்புக்கு நிக்கோட்டின் குறைவு மட்டுமே காரணமாக இருந்தால், பகலில் மணித்தியாலம் ஏற ஏற அது சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். உங்களுக்கு அப்படி நடக்கவில்லை.

இஸ்ரேலிய உளவியலாளர் ரூவன் டாரும் அவரது குழுவினரும், புகைக்கும் பழக்கமுள்ள விமானப் பணியாளர்களை வைத்து இதனை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரே பணியாளரே குறுகிய பறப்பிலும் நீண்ட பறப்பிலும் தமது தவிப்பை அவ்வப்போது குறித்துக்கொண்டார். தவிப்பின் அளவு, கடைசிச் சிகரெட்டிலிருந்து எத்தனை மணித்தியாலம் கழிந்தது என்பதைவிட, விமானம் தரையிறங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையே பின்பற்றியது. குறுகிய பறப்பின் முடிவில் இருந்த தவிப்பு, நீண்ட பறப்பில் அதே அளவு நேரம் கழிந்தபோது இருந்ததைவிட அதிகம். உங்கள் அஸருக்குப் பிந்திய நேரமும் அதைப் போன்றதுதான். பகலில் புகைப்பதற்கு வழியே இல்லை என்று மனம் முடிவு செய்துவிட்டதால் அது பேரம் பேசுவதில்லை. மஃரிப் பாங்கு நெருங்க நெருங்க, இனி முடியும் என்று அறிந்து கேட்கத் தொடங்குகிறது.

ஆகவே இரவில் புகைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில் உங்களுக்கு அதிக நன்மை கிடைக்காது என்று நினைக்கிறேன். நோன்பு திறக்கும் வேளையில் வீட்டில் சிகரெட்டும் தீப்பெட்டியும் இல்லாதிருப்பது, கஞ்சி குடித்தவுடனேயே பள்ளிக்குப் புறப்பட்டுவிடுவது, வழக்கமாகச் சேர்ந்து புகைக்கும் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது ஆகியவற்றால் இரவையும் பகலைப் போலவே பேரத்துக்கு இடமில்லாததாக ஆக்கிக்கொள்ளுங்கள். நிக்கோட்டினை நிறுத்துவதால் வரும் எரிச்சலும் அமைதியின்மையும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். நோன்பின் முதல் நாளிலேயே இரவுக்கும் சேர்த்து நிறுத்தினால், பெருநாளுக்கு முன்பாகவே அந்தக் கடினமான பகுதி கடந்துபோயிருக்கும்.

கேள்வி: என் கணவர் புகைத்தலை விட மறுக்கிறார். அவர் தூங்கும்போது ஹிப்னாட்டிச ஒலிப்பதிவொன்றைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கவிட்டால் பலன் கிடைக்குமா? அவருக்குத் தெரிந்தே செய்வதானால், இது வசியம் போன்றதோ என்று மாமியார் பயப்படுகிறார். – உவர்மலை வாசகி

பதில்: தூங்குபவரின் காதில் ஒலிக்கவிடுவது அறிதுயில் ஆகாது. விழிப்புடன் கவனம் செலுத்துவதும், தாமாக இணங்கி வருவதும் இல்லாமல் அது நடக்காது. உங்கள் கணவரின் தூக்கம் கெடுவதுதான் மிச்சமாகும். மாமியாரிடம், ஒருவரைத் தம் விருப்பத்துக்கு மாறாக நடக்கச் செய்யும் ஆற்றல் இதற்குக் கிடையாது என்றும், அமர்வின் நடுவே கண்ணைத் திறந்து எழுந்துவிட அவரால் முடியும் என்றும் சொல்லுங்கள். ஆயினும் இல்லாத குரல்கள் கேட்பது, கடுமையான சந்தேக எண்ணங்கள் வருவது போன்ற உளநோய் முன்பு இருந்தவர்கள், தமது உளமருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

அவர் மறுப்பதற்கு, புகைத்தால்தான் மன அழுத்தம் குறைகிறது என்பது காரணமாக இருக்கலாம். சிகரெட் குறைப்பது, முந்திய சிகரெட்டின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்த அமைதியின்மையைத்தான். புகைத்தலை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடாமல் குறைந்தே வந்திருப்பதை, 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான மதிப்பாய்வு காட்டியது. இதனை ஒரு தடவை அமைதியாகச் சொல்லிவிட்டு, பின்னர் சிலநாள் அதைப் பற்றிப் பேசாமலிருந்து பாருங்கள்.

கேள்வி: மூன்று வாரங்கள் சிகரெட்டைத் தொடாமல் இருந்தேன். உறவினர் ஒருவரின் செத்த வீட்டில், வெற்றிலைத் தட்டில் சிகரெட்டையும் வைத்து நீட்டினார்கள், ஒன்றை எடுத்துவிட்டேன். அத்தனையும் வீணாகிவிட்டதா? – சாம்பல்தீவு வாசகர்

பதில்: வீணாகவில்லை. ஒரு சிகரெட்டால் மூன்று வாரப் பயிற்சி அழிந்துவிடாது; எல்லாம் போய்விட்டது என்ற எண்ணத்தில் இரண்டாவதை எடுப்பதுதான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். செத்த வீட்டில் மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். எட்டுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் அதே வீட்டுக்கு நீங்கள் போக வேண்டியிருக்கும் என்பதால், தட்டு வரும்போது வெற்றிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பந்தலுக்கு வெளியே கதிரை அடுக்கும் வேலையை எடுத்துக்கொள்வதாக இப்போதே தீர்மானித்துவைத்துக்கொள்ளுங்கள். பாக்கையோ, வெறும் வெற்றிலையையோ மெல்லத் தொடங்கி, பிறகு அதனுடன் புகையிலையும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவிப்பு மீண்டும் தொடர்ச்சியாக வருமானால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.