பழைய பிஸ்டல் கையைக் கடித்தால்: கேள்வி-பதில்

பிஸ்டல் கையைக் கடிக்கிறது. என்ன செய்யலாம்?

என்ன மாடல், எந்தக் காலத்தது, காயம் கையில் எங்கே? இந்த மூன்றையும் எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? மறுபடி எழுதுங்கள்.

முதல் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ பிஸ்டல், 1911. உயர்த்திப் பிடித்தால் கட்டைவிரல் இடுக்கில் தோல் கிழிகிறது. என் பிடி தவறா?

இல்லை. சுட்டதும் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்னால் வரும்போது ஹேமரை (பின்பக்கச் சுத்தியல்) காக் நிலையையும் (சுடத் தயாராகப் பின்னிழுத்து நிற்கும் நிலை) தாண்டி அழுத்திவிடும். அந்த நேரம் ஹேமர் ஸ்பரும் (ஹேமரில் விரல் வைத்து இழுக்கிற நீட்டல்) கிரிப் சேஃப்டியின் (பிடியின் பின்புறம், கை அழுத்தினால்தான் சுட விடும் பாகம்) வாலும் நெருங்கும், நடுவில் பிதுங்கி நிற்கிற தோல் மாட்டிக்கொள்ளும். சதைப்பற்றுள்ள கை என்றால் கேட்கவே வேண்டாம். 1920களின் நடுவில் இதன் திருத்திய வடிவமான 1911ஏ1 வந்தபோது கிரிப் சேஃப்டி வாலை நீட்டி ஸ்பரைக் குட்டையாக்கியதே இந்தத் தொல்லைக்காகத்தான். முதலில் மெல்லிய தோல் கையுறை போட்டுப் பாருங்கள், அல்லது இடுக்கில் துணி டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். டேப் கையில்தான், துப்பாக்கியில் வேண்டாம். பழைய ப்ளூயிங் (உலோகத்தின் கருநீல மேல்பூச்சு) மேல் பசை ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

ஸ்பரை ஒரு மூன்று மில்லிமீட்டர் அராவிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

கூடாது. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி மட்டும் நிற்பதில்லை. உங்கள் தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும், அராவிய ஹேமர் ஒருநாளும் வளராது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் இருந்த ஒரு பழைய 1911-ஐ சுத்தம் செய்யத்தான் ஒரு பட்டறையில் கொடுத்தேன், "கையைக் கடிக்குமே" என்று அவர்களாகவே ஸ்பரை வழித்து உருட்டிப் பாலிஷும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்பர் மேல் இருந்த கட்டம் கட்டமான வெட்டு அத்தனையும் போய்விட்டது. அதே காலத்து ஹேமர் ஒன்றைத் தேடிப் பிடிக்க எனக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது, ஆனாலும் அது அந்தத் துப்பாக்கியோடு பிறந்த ஹேமர் இல்லை, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கிரைண்டர் சூடு, ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் கவ்வுகிற பள்ளம் வரை ஏறினால் அங்கே உலோகம் இளகித் தேயவும் கூடும், அப்புறம் அது பாதுகாப்புப் பிரச்சினை. அவ்வளவு அவசியம் என்றால் குட்டை ஸ்பர் ஹேமரைத் தனியாக வாங்கி மாட்டுங்கள், பழையதை எண்ணெய்த் துணியில் சுற்றி, எந்தத் துப்பாக்கியுடையது என்று எழுதி வையுங்கள். ஹேமரும் சியரும் ஜோடி, ஒன்றை மாற்றினால் துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் தோட்டா போட வேண்டும்.

1911-ல் ஏ1 கிரிப் சேஃப்டியை மாட்டினால் தீருமா?

பெரும்பாலும் தீரும், பிரேமில் (துப்பாக்கியின் அடிச்சட்டம்) கை வைக்க வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்த வழியும் இதுதான். பீவர்டெய்ல் (வால் இன்னும் நீண்டு அகன்ற கிரிப் சேஃப்டி) வாங்கினால், பிரேமை வெட்டாமல் பொருந்துகிற வகைதானா என்று கேட்டு வாங்குங்கள், பல வகைகளுக்குப் பிரேமின் பின்காதை அராவியாக வேண்டும். மாட்டியதும் மேகஸினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, காக் செய்து, கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் டிரிகரை இழுங்கள். ஹேமர் விழவே கூடாது. ஹேமரை முடிந்தவரை பின்னால் தள்ளி, வாலில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

கொஞ்சம் இறக்கிப் பிடித்தால் கடிப்பதில்லை, ஆனால் கிரிப் சேஃப்டி சரியாக அழுந்தவில்லை. டேப் சுற்றி அழுத்தி வைத்துவிடலாமா?

கூடவே கூடாது. சேஃப்டியை முடக்குவது தீர்வு ஆகாது. உயர்த்தியே பிடியுங்கள், கையுறை போடுங்கள்.

ப்ரௌனிங் ஹை-பவர் பிஸ்டல், வளைய வடிவ ஹேமர்.

கேள்வியைக் காணோம், கடிக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். இதில் கிரிப் சேஃப்டி கிடையாது, பின்வால் பிரேமோடு சேர்ந்தது, அதனால் மாற்ற முடிவது ஹேமர் மட்டும். தொழிற்சாலையே 1970களில் ஸ்பர் ஹேமருக்கு மாறியது, ஆனால் அதுவும் சில கைகளைக் கடிக்கும். முதலில் கையுறை. ஹேமரை மாற்றினால் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு, பழைய ஹேமரைத் தூக்கிப் போடாதீர்கள்.

வால்தர் பிபிகே சுட்டால் கையில் இரண்டு இணைக்கோடாகக் கீறல்.

அது ஹேமர் இல்லை, ஸ்லைடின் அடிவிளிம்பு. ஹேமரை மாற்றிப் பயனில்லை. கை அரை சென்டிமீட்டர் இறங்கினாலே போதும்.