பழ பான டப்பாவில் ஓஆர்எஸ் என்று பெயரில் போட்டால் என்ன தவறு? அதற்குத் தடை தேவையா? பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவது வாங்குபவர் பொறுப்புதானே?

கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. நான் மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஊரில், மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறவள். நீங்கள் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. நல்ல பழக்கம். ஆனால் வீட்டில் குழந்தைக்கு வயிற்றால் போய்க்கொண்டிருக்கும்போது கடைக்கு ஓடி வருகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. முன்பக்கம் பெரிய எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு லேபிள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓஆர்எஸ் என்பது சும்மா ஒரு சத்து பானத்தின் பெயர் இல்லை. வயிற்றுப்போக்கில் உடம்பு இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்ட, தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்து. உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கிற திட்டமான கணக்கு அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. அதனால்தான் இரண்டையும் சமமாக, லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று வைத்திருக்கிறார்கள். சர்க்கரை ஏறிப்போனால் கதை மாறும். உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள்ளேயே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். முதலில் இருந்த கணக்கையே 2002-க்குப் பிறகு கரைசலின் அடர்த்தி குறைத்து, லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலில் இருந்து 245-க்கு இறக்கினார்கள் என்றால், இதில் ஒவ்வொரு கிராமுக்கும் எவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

இந்த வழி நம் நாட்டு மண்ணில் நிரூபணமானது. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பொங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்து வாய்வழியாகக் கொடுக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அப்படிச் சம்பாதித்த பெயர் இது.

இப்போது என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். தடை வருவதற்கு முந்தைய கோடை. கடை சாத்துகிற நேரத்தில் ஒரு தம்பி பைக்கில் வந்தார், பின்னால் அவருடைய அம்மா, மடியில் பெண் குழந்தை. "அக்கா, இதே ஓஆர்எஸ் இன்னும் ரெண்டு குடுங்க" என்று ஒரு காலி அட்டை டப்பாவை நீட்டினார். ஆரஞ்சுப் படம் போட்டது. பெயரிலேயே அந்த எழுத்துகள். நேற்றிலிருந்து பாப்பாவுக்கு இதைத்தான் கொடுக்கிறார்களாம், இன்னும் நிற்கவில்லையாம். நான் குழந்தையைப் பார்த்தேன். உதடு வறண்டிருந்தது, அழுதது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

டப்பாவைத் திருப்பி அவருக்கே காட்டினேன். 100 மில்லிக்கு எட்டு கிராமுக்கு மேல் சர்க்கரை. நிஜமான ஓஆர்எஸ்ஸில் 100 மில்லிக்கு 1.35 கிராம்தான் குளுக்கோஸ். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. சோடியமோ இருக்க வேண்டியதைவிடக் குறைவு. இன்னும் கீழே, டப்பா மடிப்புக்குப் பக்கத்தில், இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. அந்தத் தம்பிக்கு அதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. "அப்ப முன்னாடி எதுக்கு அப்படிப் போட்டிருக்கான்?" என்று கேட்டார். உங்கள் கேள்விக்கு நேர் எதிர்க் கேள்வி அதுதான். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

அந்த அம்மா சொன்னார்: "நான் அப்பவே கஞ்சித் தண்ணில உப்புப் போட்டுக் குடுக்கலாம்னு சொன்னேன்மா. இவன்தான் இங்கிலீஷ் மருந்து இருக்கும்போது கஞ்சி எதுக்குன்னான்." உண்மையில் அந்த டப்பாவைவிட அவருடைய உப்புக் கஞ்சி எவ்வளவோ மேல். பொடி பாக்கெட்டைக் கொடுத்து, கலக்கும் அளவைச் சொல்லி, முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று அனுப்பினேன். குழந்தை தேறிவிட்டது.

உடனே யாராவது கிளம்புவீர்கள், பானத்தால்தான் மோசமாச்சு என்று எப்படிச் சொல்கிறாய் என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை, வயிற்றுப்போக்கு தன்போக்கிலும் கூடலாம். ஆனால் சரியான மருந்து கொடுக்கிறோம் என்ற நம்பிக்கையில் அந்தக் குடும்பத்துக்கு முழுசாக ஒரு நாள் போய்விட்டது. சின்னக் குழந்தைக்கு ஒரு நாள் என்பது லேசான விஷயம் இல்லை. பழ பானம் விற்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தாகத்துக்குக் குடிக்கட்டும். மருந்தின் பெயரை ஒட்டிக்கொண்டு, மருந்துக் கடையில், மருந்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

"பின்னால்தான் எழுதியிருக்கிறதே" என்ற வாதத்தை அரசே ஒரு காலம் ஏற்றுக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022 ஏப்ரலில் இந்த மாதிரி விற்பனையைத் தடுத்தது. அதே ஆண்டு ஜூலையில், "இது ஓஆர்எஸ் அல்ல" என்ற வாசகத்தோடு பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கிவந்தது. ஒரே டப்பாவில் முன்னால் ஆம், பின்னால் இல்லை. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடி, நீதிமன்றம் வரை போன பிறகுதான் 2025 அக்டோபர் 14 அன்று அந்த அனுமதி வாபஸ் ஆனது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டுவதும் கூடாது, அப்படிப் போட்டால் அது தவறான லேபிள் என்றார்கள். கம்பெனிகள் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின, மாத இறுதியில் நீதிமன்றம் தடையில் தலையிட மறுத்தது. நீங்கள் "இந்தத் தடை தேவையா" என்று கேட்பதற்கு முன்னால், ஒரு மருத்துவர் இத்தனை வருஷம் அழுது புலம்ப வேண்டியிருந்ததே, அது தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று. உணவுப் பொருள் லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும், சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. தமிழ் இருந்தால் இருக்கலாம், கட்டாயம் இல்லை. அப்படி இருக்கும்போது எங்கள் ஊர்ப் பாட்டிக்கு "படித்துப் பார்த்து வாங்கு" என்று உபதேசம் செய்வதில் என்ன நியாயம்?

எழுத வந்த இடத்தில் இதையும் கொட்டிவிடுகிறேன், சம்பந்தமில்லை என்பவர்கள் தாண்டிப் போங்கள். அன்று அந்தத் தம்பியிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, கடை முதலாளி உள்ளேயிருந்து "கேட்டதைக் குடுத்து அனுப்பும்மா" என்றார். பொடி பாக்கெட்டில் கிடைக்கிற லாபத்தைவிட டப்பாவில் அதிகம், எனக்கும் தெரியும். டி.ஃபார்ம் படித்து, பார்மசி கவுன்சிலில் பதிவு செய்து, காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிற நாங்கள் ஊருக்கு "கடைக்காரப் பொண்ணு". சில கடைகளில் அதுவும் இல்லை, சுவரில் ஒருவருடைய சான்றிதழ் தொங்கும், அவர் மாதம் ஒருமுறை வந்து வாடகை வாங்கிக்கொண்டு போவார், மருந்தை எடுத்துக் கொடுப்பது பத்தாம் வகுப்பு முடித்த பையன். அவனிடம் ஓஆர்எஸ் கேட்டால் குளிர்பெட்டியிலிருந்து டப்பாவைத்தான் எடுப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்த வேலைக்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதை மதியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, வாங்குபவர் பொறுப்பு என்றீர்களே, அதையும் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நிஜ ஓஆர்எஸ் மருந்து. பாக்கெட்டில் ஐ.பி. என்ற எழுத்து இருக்கும், அதாவது இந்திய மருந்துத் தர நூலின்படி செய்தது. கூடவே டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) ஃபார்முலா என்றும், நான் மேலே சொன்ன நான்கு பொருட்களின் அளவும் இருக்கும். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். அதைப் பார்த்தால் அது பானம், எந்தப் பெயர் போட்டிருந்தாலும் சரி. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டருக்கும் சின்னதை 200 மில்லிக்கும் முழுசாகக் கொட்டிக் கலக்க வேண்டும். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கண்ணளவாகப் போடுகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, கூடாது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். காசு இல்லையென்றால் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள், துத்தநாக மாத்திரையோடு சேர்த்து இலவசமாகவே கொடுப்பார்கள்.

இப்போது எங்கள் கடையில் பழைய பெயர் போட்ட டப்பாக்கள் இல்லை. வேறு பெயரில், அதே ஆரஞ்சுப் படத்தோடு வந்திருக்கிறது. வருகிறவர்கள் இன்னும் "அந்த ஓஆர்எஸ் ஜூஸ்" என்றுதான் கேட்கிறார்கள். யாருக்கு என்று நான் கேட்கிறேன். வயிற்றால் போகிறது என்றால் பொடியை எடுத்துக் கொடுக்கிறேன், முதலாளி என்ன சொன்னாலும்.