இரும்பு குறைந்தால் காரீயம் ஏறும்: கேள்வி பதில்

பெரம்பூரிலிருந்து: பையனுக்கு 3 வயது, ஹீமோகுளோபின் 9. உரிந்த பெயின்ட்டைச் சுரண்டி வாயில் போடுகிறான். டானிக் கொடுத்தால் போதுமா?

போதாதுங்க. கண்டதைத் தின்னும் இந்தப் பழக்கம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடுதான் வரும். பழைய பெயின்ட்டில் காரீயம் (லெட் என்ற நச்சு உலோகம்) இருக்கலாம். இரும்பு குறைந்தால், அதை உள்ளே இழுக்கும் டி.எம்.டி.1 என்ற புரதம் சிறுகுடலில் பெருகும். கேட்மியம் என்ற நச்சு உலோகமும் அதே வழியாக நுழையும். இரும்பு குறைந்த குழந்தைக்குக் காரீயமும் கூடுதலாக ஏறும். விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களுக்குச் சுமார் 10 சதவீதம் ஒட்டும், குழந்தைகளுக்கு 50 சதவீதம் வரை.

முதலில் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பாருங்கள். நரம்பிலிருந்தே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோல் தூசியே அளவை ஏற்றிக் காட்டிவிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரீயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். 45 என்றால் அன்றைக்கே மருத்துவமனை. சுவரைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், தூசி வீடெல்லாம் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். இரும்பு மருந்தின் அளவைக் குழந்தையின் எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து: ஈயச் சொம்பு ரசம்தான் எங்கள் வீட்டில். கால்சியம் மாத்திரை காப்பாற்றுமா?

காப்பாற்றாது. சுத்த வெள்ளீயம் (டின்) என்றால் பயமில்லை. காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதை ரசத்தில் இறக்கிவிடும். சொம்பை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள்: சாம்பல் கோடு விழுந்தால் தூக்கிப் போடுங்கள். கோடு விழாததை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்-கதிர் மெஷினில் காட்டினால் கலப்பு தெரிந்துவிடும். அதுவரை எவர்சில்வரில் கொதிக்கட்டும்.

மேடவாக்கத்திலிருந்து: 5 மாதக் கர்ப்பம். கால்சியம் ஏன் இவ்வளவு முக்கியம்?

பெரியவர்கள் உடம்பிலுள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் கிடக்கும். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால், குழந்தைக்காக எலும்பு கரையும். கூடவே பழைய காரீயமும் ரத்தத்துக்கு வந்து குழந்தையைச் சேரும். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 அளவுக்குக் கிடைக்கும், மீதி பால், தயிரில். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்; காபி, டீயோடு விழுங்கவே வேண்டாம்.

அடையாறிலிருந்து: கொத்தமல்லி ஜூஸ் உலோகத்தை வெளியேற்றுமா?

மனிதர்களிடம் அப்படி நிரூபிக்கப்படவில்லை. டீடாக்ஸ் பொடியும் வேண்டாம். சில பஸ்ம மருந்துகளிலேயே காரீயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன.