ஸ்லைடு வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் கேட்டவை

வகுப்பில் ஸ்லைடு காட்டிப் பாடம் நடத்துகிறவர்களின் கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது வகுப்பறை மட்டும்தான். அலுவலகக் கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிப்பவர்கள் வேறு ஆளைப் பிடிப்பது நல்லது.

தமிழாசிரியை: வீட்டில் தட்டச்சு செய்த ஸ்லைடுகளைப் பள்ளிக் கணினியில் திறந்தால், தமிழ் போய் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வருகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, டீச்சர். பாமினி மாதிரி பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அவற்றில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான், அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது. இனி யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடு உண்டு. பழைய ஸ்லைடுகளை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக் கொள்ளலாம். விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா என்ற எழுத்துரு கணினியோடே வருகிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் பவர்பாயிண்ட்டில் சேமிப்பு அமைப்புகளுக்குள் போனால், எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துப் பதிக்கும் வசதியும் உண்டு. அப்புறம், எதற்கும் ஒரு பிடிஎஃப் பிரதியைப் பெண்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் ஓடாது, ஆனால் எழுத்து சிதறாது.

எழுத்துரு சரியானதும் இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ண, ன இரண்டும் பிரிந்து தெரிகின்றனவா? தடித்த எழுத்தில் ண-வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா? மங்கலான ப்ரொஜெக்டரில் முதலில் காணாமல் போவது புள்ளிதான், 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். இலக்கணப் பாடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வரிகளுக்கு நடுவே இடமும் தாராளமாக விடுங்கள். மேல்வரியின் 'ழு' கீழே இறங்கும், கீழ்வரியின் 'கீ' மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்: பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா. எது நல்லது?

உங்கள் வகுப்பறைக் கணினியில் எது தடங்கலில்லாமல் ஓடுகிறதோ அது. அங்கே இணையம் நிச்சயமில்லை என்றால் பவர்பாயிண்ட் அல்லது லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்ய வேண்டுமென்றால் கூகுள் ஸ்லைட்ஸ். சுவரொட்டி மாதிரி அழகாக வேண்டுமென்றால் கேன்வா. இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை.

வரலாற்று ஆசிரியை: பாடக் குறிப்பு முழுவதையும் ஸ்லைடில் போட்டு விளக்குகிறேன். பாதிப் பேர் தூங்குகிறார்கள். எழுத்தைக் குறைத்தால் பாடம் விட்டுப்போகாதா?

நீங்கள் பேசும்போது அதே வாக்கியம் திரையிலும் இருந்தால், மாணவர் உங்களைவிட வேகமாக அதைப் படித்துவிட்டு மிச்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். படித்துக்கொண்டே கேட்பதும் எளிதல்ல. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார். படமும் பேச்சும் சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது. அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்தால், புரிதல் பெரும்பாலும் குறையத்தான் செய்கிறது. ஆனால் புதிய கலைச்சொல், பெயர், பயிற்றுமொழி இன்னும் பழகாத மாணவர் என்றால் எழுத்து உதவும்.

ஆகவே பிரித்துவிடுங்கள். நீங்கள் பேச வேண்டியது ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பகுதிக்குப் போகட்டும், அது உங்கள் திரையில் மட்டும் தெரியும். மாணவர் பார்க்க வேண்டிய வரைபடமும் ஆண்டும் பெயரும் ஸ்லைடில் இருக்கட்டும். மாணவர் வீட்டில் படிக்க வேண்டியதைத் தனித் தாளாகக் கொடுங்கள். மூன்றையும் ஒரே ஸ்லைடில் திணிப்பதால்தான் வகுப்பு தூங்குகிறது. பவர்பாயிண்ட் 1987-இல் மேக்கின்டாஷ் கணினிக்காக வந்தபோதே வியாபாரக் கூட்டங்களை மனதில் வைத்துத்தான் உருவானது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு 1.4 கோடி டாலருக்கு அதை வாங்கியது. புதிய ஸ்லைடைத் திறந்ததும் தலைப்பும் புள்ளிப் பட்டியலுமாக நிற்கிற வார்ப்பு அந்த உலகத்தின் வழக்கம். பாடத்துக்கு அது கட்டாயமில்லை, அழித்துவிட்டு வெறும் ஸ்லைடிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு பயிற்சி ஆசிரியர்: மாணவர்களின் கவனம் திரையிலேயே இருக்கிறது. என்னைப் பார்ப்பதே இல்லை.

முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள், திரை கறுப்பாகிவிடும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும். காற்புள்ளி விசை தட்டினால் திரை வெள்ளையாகும். ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகலாம். பத்து ஸ்லைடைப் பின்னோக்கி ஓட்டி வகுப்பைத் தலைசுற்ற வைக்க வேண்டாம்.

கணித ஆசிரியர்: கணக்கை வரி வரியாக அனிமேஷன் போட்டு வைத்திருக்கிறேன், கிளிக் செய்தால் அடுத்த வரி. வகுப்பில் தலையாட்டுகிறார்கள், தேர்வில் கோட்டை விடுகிறார்கள். ஸ்லைடில் என்ன குறை?

ஸ்லைடில் குறையில்லை சார், கணக்கை அதில் போட்டதுதான் குறை. 'எக்ஸ் வர்க்கம் + 6 எக்ஸ் = 7' என்பதை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தை முழு வர்க்கமாக்க இருபுறமும் 9 கூட்ட வேண்டும். ஸ்லைடில் ஒரு கிளிக், 9 வந்து உட்கார்ந்துவிடுகிறது. எங்கிருந்து வந்தது? கரும்பலகையில் என்றால் 6-ஐ வட்டமிடுவீர்கள், ஓரத்தில் 'பாதி 3' என்று கிறுக்குவீர்கள், அதன் வர்க்கம் 9 என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பீர்கள். மாணவர் படிப்பது அந்த ஓரக் கிறுக்கலைத்தான். தவிர, உங்கள் கை எழுதும் வேகத்துக்கு அவர்களால் கூடவே வர முடியும், கிளிக்கின் வேகத்துக்கு முடியாது.

அதே கணித ஆசிரியர்: இது பழைய பஞ்சாங்கம். ஓரக் கிறுக்கலையும் அனிமேஷனில் போடலாமே! பலகையில் எழுதும்போது வகுப்புக்கே முதுகைக் காட்டுகிறேன். என் கையெழுத்தும் கோழிக்கிறுக்கல்.

முதுகு விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெண் எழுந்து, "ஏன் பாதி? 6-இன் வர்க்கம் 36-ஐக் கூட்டினால் என்ன?" என்று கேட்டால் உங்கள் ஸ்லைடு என்ன செய்யும்? அடுத்த கிளிக்குக்கு 9 தயாராக நிற்கும். பலகை என்றால் அங்கேயே 36-ஐக் கூட்டிப் பார்க்கலாம். எக்ஸ் கூட்டல் 6-ஐ வர்க்கப்படுத்தினால் நடு உறுப்பு 12 எக்ஸ் ஆகிவிடுகிறது, நமக்கு வேண்டியது 6 எக்ஸ். பாதி எடுப்பதன் காரணம் அந்தத் தவறான முயற்சியில்தான் தெரியும். முன்கூட்டியே தயாரித்த ஸ்லைடில் தவறான முயற்சிக்கு இடமே இல்லை.

இயற்பியல் ஆசிரியை: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பலகையில் வரைந்த அலை நகருமா? இரண்டு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதைச் சாக்பீஸால் காட்டச் சொல்வீர்களா?

மாட்டேன். அது திரைக்கே உரியது. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு மதிப்பை நகர்த்தும்போது வளைவு விரிந்து சுருங்குவதையும் எந்தக் கையாலும் வரைய முடியாது. நான் எதிர்ப்பது திரையை அல்ல. பொருள் தானே மாறுகிறதா, திரையில் காட்டுங்கள். ஆசிரியர் யோசித்து யோசித்து மாற்றுகிறாரா, வகுப்பின் கண் முன்னால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஸ்லைடே இல்லாமல் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தோம்.

வைத்தீர்கள் ஐயா, மறுக்கவில்லை. உயிரணுப் பிரிவைப் பலகையில் வரைந்து முடிப்பதற்குள் மணி அடித்ததும் உண்டு.

அதே கணித ஆசிரியர்: சரி, நான் டேப்லெட்டில் பேனாவால் எழுதி அதைத் திரையில் காட்டுகிறேன். முதுகும் இல்லை, கை வேகமும் இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது சார். தாராளமாகச் செய்யுங்கள். ஒன்றே ஒன்று: பெரிய பலகையில் முதல் வரி கடைசிவரை நிற்கும், டேப்லெட்டில் அது மேலே ஓடிவிடும். தொடக்கச் சமன்பாட்டை மட்டும் பலகையின் மூலையில் எழுதி வைத்துவிடுங்கள். கோழிக்கிறுக்கல் என்றீர்களே, அது எப்படித் தெரிகிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருமுறை பாருங்கள்.

ஒரு விரிவுரையாளர்: கேன்வாவா, பவர்பாயிண்ட்டா?

மேலே சொல்லிவிட்டேன்.

வேதியியல் ஆசிரியர்: வரைபடத்தில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு வைத்தேன். ஒரு மாணவன் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன என்கிறான்.

அவனுக்கு நிறக்குறைபாடு இருக்கலாம். சிவப்பும் பச்சையும் குழம்புவதுதான் அதில் அதிகம் காணப்படும் வகை. நீலமும் ஆரஞ்சும் வையுங்கள், ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். கோட்டின் பெயரை ஓரப் பெட்டியில் ஒளிக்காமல் கோட்டின் மேலேயே எழுதுங்கள். இதனால் மற்ற மாணவர்களுக்கும் லாபம்தான்.

ஒரு தலைமையாசிரியர்: ப்ரொஜெக்டரில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன.

பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள் ஐயா, அது என் துறையில்லை.

ஆங்கில ஆசிரியை: ஸ்லைடு தயாரிக்க எந்த மென்பொருள் சிறந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

இருப்பது.

அறிவியல் ஆசிரியர்: ஸ்லைடில் கேள்வி போட்டால் முன்வரிசையில் இரண்டு பேர்தான் பதில் சொல்கிறார்கள்.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து கையாண்ட முறையைப் பாருங்கள். நான்கு விடைகளோடு கேள்வியைப் போட்டு, எல்லாரும் பேசாமல் தனியாக ஒரு விடையை முடிவு செய்யச் சொல்லுங்கள். விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொன்னால் பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது, கருவி எதுவும் வேண்டாம். பாதிப் பேர் மாறிச் சொன்னால் சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு வாதாட விட்டு, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நினைக்கிற தவறுகளாக இருக்க வேண்டும். ஸ்லைடில் நேரம் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான், எழுத்து பறந்து வருகிற அனிமேஷனுக்கு அல்ல.

கல்லூரி மாணவி: பேராசிரியர் ஸ்லைடுகளை அனுப்பிவிடுகிறார். அதை மட்டும் படித்தால் தேர்வுக்குப் போதுமா?

போதாது அம்மா. பேச்சு இல்லாத ஸ்லைடில் பாதிப் பாடம்தான் இருக்கும். திரும்பத் திரும்பப் படித்தால் தெரிந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். தலைப்பை மட்டும் பார்த்து, ஸ்லைடை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எழுத வராத இடத்தைக் குறித்துக்கொண்டு பேராசிரியரிடம் போய்க் கேளுங்கள்.