வாசகர் கேள்வி பதில்: கட்டின காசு திரும்பி வருமா?

இன்சூரன்ஸ் பற்றிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஏஜென்ட் ஒருவர் பதில் எழுதுவார் என்று போன இதழில் ஆசிரியர் போட்டுவிட்டார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இது தேவையா, வீண் செலவா? யாழ்ப்பாணத்து வலிகாமம் ஒழுங்கைகளில் முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் திரிந்து முப்பது வருடத்துக்குக் கிட்டக் காப்புறுதிப் பத்திரம் விற்றவன் நான். இப்போது எந்தக் கம்பனியிலும் எனக்குக் கொமிஷன் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கேள்வி: கணவர் வீட்டு வயரிங் வேலை செய்கிறார். மாதம் 90,000 ரூபா அளவில் வரும். நான் வீட்டோடு. பிள்ளைகளுக்கு ஏழு வயது, மூன்று வயது. கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஏஜென்டாக இருக்கிறார். மாதம் 7,500 ரூபாவாக 20 வருடம் கட்டினால் முடிவில் 30 லட்சம், இடையில் ஏதும் நடந்தால் 15 லட்சம் என்கிறார். சொந்தக்காரர், மறுக்கவும் முடியவில்லை. கட்டலாமா?
வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எடுங்கள். மாதம் 7,500 என்றால் வருடம் 90,000. இருபது வருடத்துக்கு 18 லட்சம். 18 போட்டு 30 எடுப்பது கேட்க நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் அதே 7,500ஐ மாதாமாதம் வங்கியில் போட்டு வந்தால், வருடத்துக்கு ஐந்து வீத வட்டி கிடைத்தாலே இருபது வருடத்தில் 30 லட்சத்தைத் தாண்டிவிடும். 2022 கடைசியில் எங்கள் வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் கொடுத்தன. அது அசாதாரண காலம், பிறகு இறங்கிவிட்டது. இருந்தாலும் இருபது வருடச் சராசரி ஐந்துக்குக் கீழே போகும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இதில் களவு ஒன்றும் இல்லை. நீங்கள் கட்டும் காசில் ஒரு பங்கு உயிர்க் காப்புக்குப் போகிறது, ஒரு பங்கு ஏஜென்டுக்கும் அலுவலகத்துக்கும் போகிறது, மிச்சம்தான் வளர்கிறது. அந்த 30 லட்சம் உத்தரவாதத் தொகையா, போனஸ் இப்படி வந்தால் இவ்வளவு வரலாம் என்ற கணக்கா என்பதையும் தம்பியிடம் கேளுங்கள். விலைத்தாளில் இரண்டும் வேறு வேறு நிரலில் இருக்கும். விரல் எப்போதும் பெரிய இலக்கத்தின் மேல்தான் வைக்கப்படும். நானும் அப்படித்தான் வைத்தேன்.

இன்னொன்று, காசின் பெறுமதி. 1985இல் நான் எனக்கே ஒரு பத்திரம் விற்றுக்கொண்டேன், 50,000 ரூபாவுக்கு. அந்த நேரம் அது எனக்கு ஒரு காணித்துண்டு மாதிரி. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, மழையில் நனையாமல் ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டு நான் கொண்டுபோனது நகை அல்ல, அந்தப் பத்திரமும் கட்டின ரசீதுகளும்தான். மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். பல மாதம் கட்ட முடியாமல் பத்திரம் காலாவதியாகி, பிறகு நிலுவையை வட்டியோடு கட்டி உயிர்ப்பித்தேன். 2005இல் முதிர்ந்தது. வந்த காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன், மிச்சத்தில் மகளின் படிப்புச் செலவில் சில மாதம் ஓடியது. காணித்துண்டு கண்ணுக்கு எட்டவேயில்லை. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்தில் 70 வீதத்துக்குக் கிட்ட ஏறிய நாடு இது. இருபது வருடம் கழித்து 30 லட்சம் எதற்குக் காணும் என்று நீங்களே யோசியுங்கள்.

அப்ப இன்சூரன்ஸே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வேறு எவரையும்விட அது கூடத் தேவை. உழைப்பவர் ஒருவர், அதுவும் ஏணியில் ஏறி வயரோடு வேலை செய்பவர். அவருக்கு ஏதும் நடந்தால் வரும் 15 லட்சம் எத்தனை மாதம்? 90,000ஆல் பிரியுங்கள். பதினேழு மாதம்கூட இல்லை. பெரிய பிள்ளை ஒன்பதாவது வயதைத் தாண்டுமுன் காசு முடிந்துவிடும். காப்புக்காக வாங்கும் சாமானில் காப்புத்தான் குறைவாக இருக்கிறது.

நீங்கள் கேட்கவேண்டியது வெறும் ஆயுள் காப்புறுதி. டேர்ம் என்பார்கள். ஆள் இருந்தால் ஒரு சதமும் திரும்பி வராது, இல்லாவிட்டால் குடும்பத்துக்குப் பெரிய தொகை வரும். இளம் வயது, புகைப்பழக்கம் இல்லை என்றால் அதே 15 லட்சத்துக்கான கட்டணம் 7,500இல் சிறு பங்குதான் வரும். ஆகவே நாலு மடங்கு, ஐந்து மடங்கு தொகைக்கு எடுக்கலாம். அதோடு நிரந்தர இயலாமைக்கான சேர்க்கையையும் கேளுங்கள். ஏணியால் விழுந்தவர் செத்துத்தான் போவார் என்றில்லை, இடுப்பு உடைந்து கட்டிலிலும் கிடக்கலாம். மிச்சக் காசை வங்கியில் போடுங்கள். தம்பி டேர்மை முதலில் காட்டாததற்குக் காரணம் தெரியும்தானே? கட்டணம் குறைந்தால் கொமிஷனும் குறையும். எங்கள் சனமும் அதைக் கேட்காது. "கட்டின காசு திரும்பி வராதோ?" என்று முகம் சுருங்கும். கள்ளன் வரவில்லை, பூட்டுக் காசைத் திருப்பித் தா என்று யாரும் கடைக்குப் போவதில்லை. இன்சூரன்சில் மட்டும் அப்படிக் கேட்கிறோம்.

எதை எடுத்தாலும் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். இதை நான் நல்லபிள்ளை மாதிரிச் சொல்லவில்லை. என் தொழிலின் ஆரம்பத்தில் ஒரு தச்சு வேலைக்காரரின் வீட்டு விறாந்தையில் இருந்து படிவம் நிரப்பினேன். "சலரோகம் உண்டா?" என்ற இடத்தில், "கொஞ்சம் சீனி இருக்காம் தம்பி, கிளினிக்கில சொன்னவை" என்றார். உண்டு என்று போட்டால் மருத்துவச் சோதனை, கூடுதல் கட்டணம், ஒரு மாதம் இழுபடும். அந்த மாதக் கணக்கை முடிக்க எனக்கு ஒரு பத்திரம் குறைவாக இருந்தது. "கொஞ்சம்தானே" என்று சொல்லி, இல்லை என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். அவர் கையெழுத்து வைத்தார். அவரின் மனைவி தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன். இரண்டு வருடம் போக முன்னம் மாரடைப்பில் போய்விட்டார். கம்பனி கிளினிக் அட்டையை எடுத்துப் பார்த்துக் காசு தர மறுத்தது. மறைத்தால் பத்திரம் செல்லாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி, கம்பனியில் பிழை சொல்ல முடியாது. அந்த அம்மா மறுப்புக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். "நீங்கள்தானே தம்பி எழுதினனீங்கள்" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றுவிட்ட தம்பியை என்ன செய்வது? டேர்மையே அவரிடம் எடுங்கள். உறவும் நிற்கும், அவருக்கும் ஒரு பத்திரம் கிடைக்கும். முகத்துக்காகப் பெரியதைத் தொடங்கி இரண்டாம் வருடம் விடுவதுதான் எல்லாவற்றிலும் கேடு. சேமிப்புப் பத்திரங்களில் பெரும்பாலும் ஆரம்ப வருடங்களில் நிறுத்தினால் கையில் ஒன்றுமே வராது.

கேள்வி: புதுப் போனுக்குத் திரை உடைந்தால் மாற்றித் தரும் காப்புறுதி 6,000 ரூபா என்கிறார் கடைக்காரர்.
மாணவன், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். 600 ரூபாவுக்கு ஒரு கவர் வாங்குங்கள்.

கேள்வி: மகனின் மோட்டார் சைக்கிள் 2018இல் வாங்கியது. லீசிங் முடிந்துவிட்டது. இனி முழுக் காப்புறுதியை விட்டு மூன்றாம் தரப்புக்கு மாறலாமா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: மூன்றாம் தரப்பு சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் வருட வரிப்பத்திரமும் எடுக்க முடியாது. மகன் யாரையாவது இடித்துவிட்டால் அந்த ஆளுக்குரிய நட்டஈட்டுக்குத்தான் அது. உங்கள் சைக்கிளின் ஒரு கண்ணாடிக்கும் அதில் காசு வராது. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் வாகன விபத்தில் காணி விற்றது தங்கள் வாகனத்தைத் திருத்த அல்ல, அடிபட்டவருக்குக் கொடுக்கத்தான். ஆகவே மலிவான அந்தத் துண்டுதான் உண்மையில் பெறுமதியானது. மகன் லைசன் இல்லாமல் ஓடினால் அதுவும் கைகொடுக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக் காப்புறுதியை விடுவதா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. சைக்கிள் களவு போனால் வேறொன்று வாங்க வங்கியில் காசு இருக்கிறதா? இருந்தால் விடலாம். இல்லை, அதில்தான் மகன் வேலைக்குப் போகிறார் என்றால் வைத்திருங்கள். ஆனால் பெறுமதியைச் சரிபாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பலர் இன்னும் வாங்கிய விலையிலேயே காப்புறுதி செய்கிறார்கள். சந்தையில் 6 லட்சம் பெறும் சைக்கிளை 3 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், ஒரு லட்சம் சேதத்துக்கு 50,000தான் தருவோம் என்று கம்பனி சொல்லலாம். பாதிப் பெறுமதி, பாதி நட்டஈடு. பத்திரத்தின் பின்பக்கத்தில் அது எழுதியிருக்கும்.

கேள்வி: எனக்கு 58 வயது, சீனியும் பிரஷரும் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்புறுதி எடுக்கட்டாம். பெரியாஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே?
வாசகி, உரும்பிராய்

பதில்: அக்கா, யாழ் போதனா வைத்தியசாலையில் வார்ட்டுக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு இல்லை என்பது உண்மை. அது எங்கள் எல்லோருக்கும் இருக்கும் காப்புறுதிதான், வரியாகக் கட்டியிருக்கிறோம். செலவு வருவது சுற்றுப்பக்கத்தில். வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கான், அங்கே இல்லாத மருந்து, கொழும்புக்கு அனுப்பினால் 400 கிலோமீற்றர் போக்குவரத்து, கூட நிற்பவரின் அறை வாடகையும் சாப்பாடும். இவற்றில் கனக்கவற்றை ஆஸ்பத்திரிக் காப்புறுதி தொடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் வருத்தத்தை ஒன்றில் விலக்குவார்கள், அல்லது சில வருடம் பொறுக்கச் சொல்வார்கள். உங்களுக்குச் சீனியும் பிரஷரும்தான் ஆபத்து, அது இரண்டும் விலக்கு என்றால் எதற்குக் கட்டுவது? அந்தக் காசைத் தனி வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். மகனோ மகளோ அரசாங்க வேலையென்றால் அரச ஊழியருக்கான அக்ரஹார என்ற காப்புறுதித் திட்டத்தில் பெற்றோருக்கு ஏதும் வழி இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நெல்லியடியில் சிறு புடவைக்கடை. மாரி மழையில் தண்ணீர் ஏறி அடித்தட்டுத் துணியெல்லாம் பழுதாகிவிட்டது. வருடாவருடம் காப்புறுதி கட்டியும் வெள்ளம் அடங்காது என்று மறுத்துவிட்டார்கள்.
வியாபாரி

பதில்: உங்களிடம் இருப்பது தீக் காப்புறுதியாக இருக்க வேண்டும். நெருப்பும் மின்னலும் அதன் அடிப்படை. வெள்ளம், புயல் எல்லாம் மேலதிகக் கட்டணத்துக்குச் சேர்ப்பவை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் குடாநாடு மிதந்தபோதும் இதே கதையைப் பல கடைகளில் கேட்டேன். அதற்கு முந்திய தலைமுறைக்கு இன்னும் கசப்பு. ஷெல்லடியில் போன வீட்டுக்கு யுத்தம் விலக்கு என்று ஒரே வரியில் பதில் வரும். எங்கள் பக்கத்துச் சனம் இன்சூரன்ஸ் என்றாலே உதட்டைப் பிதுக்குவது சும்மா அல்ல.

மறுப்பை வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வெள்ளச் சேர்க்கைக்குக் கட்டியதாக ரசீதில் இருந்தால் கம்பனித் தலைமையகத்துக்கு எழுதுங்கள். சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன. சேர்க்கையே இல்லையென்றால் இந்த முறை போனது போனதுதான். அடுத்த மாரிக்கு முன் சேர்த்துவிடுங்கள், அடித்தட்டையும் ஒரு முழம் உயர்த்துங்கள்.

கேள்வி: கனடாவில் அண்ணை இருக்கிறார். "நான் இருக்கும்வரை உங்களுக்கு என்னத்துக்கு இன்சூரன்ஸ்?" என்கிறார். சரிதானே?
வாசகர், பருத்தித்துறை

பதில்: யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் காப்புறுதி இதுதான். பத்திரம் இல்லை, படிவம் இல்லை, அவசரத்துக்கு ஒரே நாளில் காசு வரும். எந்தக் கம்பனியும் அப்படி வேகமாகத் தந்ததில்லை. அண்ணையைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் "நான் இருக்கும்வரை" என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? அவருக்கும் அங்கே வீட்டுக்கடன் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். அவர் விழுந்தால் அங்கே ஒரு வீடும் இங்கே ஒரு வீடும் சேர்ந்து விழும். உங்கள் பேரில் எடுக்கும் பத்திரத்தைவிட அவர் பேரில் அங்கே எடுக்கும் பத்திரம்தான் உங்களுக்குப் பெரிய காப்பு. ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் எடுப்பார்தானே? அண்ணைக்கு உயிர்க் காப்புறுதி இருக்கிறதா, எவ்வளவுக்கு, அதில் அம்மாவின் பெயரோ உங்கள் பெயரோ எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அண்ணி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.