பதில்: ஆஸ்திரேலியாவோடு 11 புள்ளியில் சமமாக நின்ற ஃபிஜி எப்படிக் காலிறுதிக்குப் போனது?

வணக்கம் நண்பரே. 2023 ரக்பி உலகக் கோப்பைக் கணக்கில் ஆஸ்திரேலியாவை ஏன் மேலே வைக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். புள்ளி சமமானால் முதலில் அந்த இரு அணிகளும் மோதிய ஆட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் ஃபிஜி 22-15 என வென்றிருந்தது.

நீங்கள் கணக்குப் போட்ட தாளில் விடுபட்டது போனஸ் புள்ளி, அதாவது கூடுதல் புள்ளி. 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றாலும் 1 கிடைக்கும். போர்ச்சுகலிடம் 23-24 எனத் தோற்ற ஃபிஜியைக் காப்பாற்றியது அந்த ஒன்றுதான். அது இல்லையென்றால் 10 புள்ளியோடு ஊர் திரும்பியிருக்கும். நினைத்தாலே எனக்கு இன்னும் படபடக்கிறது.

2027 உலகக் கோப்பையில் 24 அணிகள், ஆறு பிரிவுகள். மூன்றாமிடம் பிடிப்பவற்றில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். அதனால் அதற்கான கணிப்பைப் போடும்போது தோல்வியின் வித்தியாசத்தையும் கணித்து எழுதுங்கள். ஃபிஜியைத் தயவுசெய்து முதல் சுற்றோடு அனுப்பிவிடாதீர்கள்.