பார்க்கவே மாட்டேன் என்றிருந்து, பிறகு ரசித்துப் பார்த்த பதின்வயதுக் காதல் படம் ஏதாவது உண்டா?

உண்டு. 2008இல் வெளியான ‘ட்வைலைட்’. ரத்தக் காட்டேரியைக் காதலிக்கும் பள்ளி மாணவியின் கதை என்று கேள்விப்பட்டதுமே காத தூரம் ஓடியவன் நான். ஏறக்குறைய 40 கோடி டாலர் வசூல் என்று படித்தபோது இளிப்புத்தான் வந்தது. பல ஆண்டுகள் கழித்து அக்காள் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ரிமோட் அவள் கையில். கூடவே உட்கார்ந்து பார்க்கும்படி ஆயிற்று.

முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஊர். வாஷிங்டன் மாநிலத்தில் மழை ஓயாத ஃபோர்க்ஸ். வெயில் ஊரான ஃபீனிக்ஸிலிருந்து அப்பாவிடம் வந்து சேர்கிறாள் பெல்லா. பாசி படர்ந்த மரங்கள், ஈரச் சாலை, படம் முழுக்க ஒரு நீலப் பூச்சு. காட்டேரிகளின் மீது வெயில் பட்டால் தோல் மின்னிக் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது கதை. ஒளிந்து வாழ இதைவிடத் தோதான ஊர் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? பேஸ்பால் ஆடக்கூட இடி இடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் மட்டையால் அடிக்கும் சத்தம் அவ்வளவு பெரியது. சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்தக் காட்சியில் இருக்கும் உற்சாகம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

அப்புறம் பெல்லாவின் அப்பா சார்லி. ஊர் போலீஸ் தலைமை அதிகாரி, அதிகம் பேசாத மனிதர். பில்லி பர்க் நடித்திருக்கிறார். மகளுக்காகக் குளியலறை அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த வரவேற்பு அவ்வளவுதான். காதலனை அறிமுகப்படுத்தப் போகிறேன் என்று மகள் சொல்லும்போது துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பவர், அதைப் படக்கென்று மூடிவிட்டு ‘உள்ளே கூட்டி வா’ என்கிறார். இதில் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால், அவரை ஆபத்திலிருந்து காப்பதற்காகவே அவரைப் புண்படுத்திவிட்டு வெளியேற வேண்டிய கட்டாயம் பெல்லாவுக்கு. இங்கேயே இருந்தால் அம்மாவைப் போல நானும் மாட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிடுகிறாள். அப்போது சார்லியின் முகத்தைப் பாருங்கள். காதல் படத்துக்கென்று உட்கார்ந்தவனுக்குத் தொண்டை அடைத்தது அந்த இடத்தில்தான்.

குறைகள் இல்லாமலா? பெல்லாவின் காட்டேரிக் காதலன் எட்வர்ட், தூங்கும் அவளை இரவில் அவள் அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைப் படம் காதல் என்கிறது. சார்லி விழித்திருந்தால் வழக்குப் பதிந்திருப்பார். எட்வர்ட் 1918இலிருந்து பதினேழு வயதிலேயே நிற்பவன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று நான் கேட்டதற்கு, அக்காள் மகள் ‘மாமா, பேசாமல் பாருங்கள்’ என்றாள். வெயிலில் மின்னும் தோலோ, வியர்வை மாதிரிதான் இருக்கிறது.

இவ்வளவையும் மீறிப் படம் நிற்பதற்குக் காரணம் இயக்குநர் கேத்தரின் ஹார்ட்விக் என்பேன். உயிரியல் வகுப்புக் காட்சி ஒன்று போதும். மின்விசிறிக் காற்றில் பெல்லாவின் கூந்தல் அலைகிறது. அந்த வாசனை எட்டியதும் எட்வர்ட் வாந்தி வருபவனைப் போல வாயைப் பொத்திக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் பாடம் செய்து வைத்த வெள்ளை ஆந்தை ஒன்று, சிறகு விரித்து, அவன் தோளிலிருந்தே முளைத்தது போல நிற்கிறது. வேறொரு இயக்குநர் என்றால் நம்மைப் பார்த்துக் கண்ணடித்திருப்பார், ‘எனக்கும் தெரியும், இது அபத்தம்’ என்று. ஹார்ட்விக் அப்படிச் செய்யவில்லை. பதினேழு வயதில் ஒருவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தாலே உலகம் புரண்டுவிடும் என்பதை அந்த வயதுக்காரியின் கண்ணாலேயே, கேலியின்றிக் காட்டுகிறார்.

அடுத்த நான்கு படங்களை வேறு மூன்று இயக்குநர்கள் எடுத்தார்கள். இரண்டாவதைப் பார்த்தேன். நீலம் போய்ப் பொன்னிறம் வந்திருந்தது, செலவும் கூடியிருந்தது; எனக்குப் பாதியிலேயே தூக்கம் வந்துவிட்டது. முதல் படத்தை மட்டும் பாருங்கள், மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.